லேயர் லேயரா கட்டுற மைக்ரோகேப்சூலை ஏன் செயற்கை செல்னு சொல்றாங்க? உள்ள வச்ச மருந்து கசிஞ்சு போயிடாதா?

மைக்ரான்_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் ஃபார்மசூட்டிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். செமினாருக்கு லேயர் பை லேயர் மைக்ரோகேப்சூல் எடுத்திருக்கேன், முடிஞ்சா அதையே ப்ராஜெக்டாவும் பண்ணுன்னு கைடு சொல்லிருக்கார். பேப்பர் படிச்ச வரைக்கும் எனக்குப் புரிஞ்சது இதுதான், ஒரு சின்ன உருண்டைய டெம்ப்ளேட்டா எடுத்துக்கறாங்க, அது மேல பாசிட்டிவ் சார்ஜ் உள்ள பாலிமர் ஒரு பூச்சு, கழுவிட்டு நெகட்டிவ் பாலிமர் ஒரு பூச்சு, திரும்ப பாசிட்டிவ், இப்படியே எட்டு பத்து பூச்சு போட்டுட்டு கடைசில நடுவுல இருக்கற உருண்டைய கரைச்சு எடுத்துட்டா கூடு மட்டும் நிக்குது. 90கள் ஆரம்பத்துல டெக்கர் இத தட்டையான பரப்பு மேல பண்ணிக் காட்டினார், 1998ல ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட்ல டோனத், சுகோருகோவ், கரூசோ, மோவால்ட் இவங்கல்லாம் சேர்ந்து அதையே உருண்டை மேல பண்ணி உள்ள காலியான கூடா எடுத்தாங்க. இதுவரைக்கும் ஓகே.

எனக்கு இடிக்கிறது இங்கதான். ஒரு லேயர் ஒண்ணுலேர்ந்து மூணு நானோமீட்டர்னு போட்டிருக்கு, அப்ப பத்து லேயர் போட்டாலும் சுவர் முப்பது நானோமீட்டர் தாண்டாது. டாக்ஸோரூபிசின்ங்கற கேன்சர் மருந்து மாதிரி 540 டால்டன் (மாலிக்யூலோட எடை அளவு) சொச்சம் இருக்கற சின்ன மாலிக்யூல் அந்த சுவருக்குள்ள எப்படி நிக்கும்? கசிஞ்சு போயிடும்னா இவ்வளவு கஷ்டப்பட்டு கட்டறது எதுக்கு? ரெண்டாவது, நிறைய பேர் இத செயற்கை செல்னு எழுதறாங்க, டிஎன்ஏ கிடையாது, பிரியறது கிடையாது, வளர்றது கிடையாது, அப்புறம் எந்த அர்த்தத்துல செல்? செமினார்ல மேடம் கண்டிப்பா இதைத்தான் கேப்பாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

கூட்டுக்குள்_என்சைம்:

மீனா, கசியும்னு உங்களுக்கு வந்த சந்தேகம் நூத்துக்கு நூறு சரி. நான் பிஎச்டில இந்த கேப்சூல் கூடதான் வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தேன், பாலிஸ்டைரின் சல்ஃபோனேட்ங்கற நெகட்டிவ் பாலிமரும் பாலிஅல்லைலமீன்ங்கற பாசிட்டிவ் பாலிமரும் மாத்தி மாத்தி போட்ட சாதாரண கூட்டுக்குள்ள சின்ன டை மாலிக்யூல் நிக்கவே நிக்காது, கழுவும்போதே போயிடும். கிலோடால்டன் கணக்குல பெருசா இருக்கறது, அதாவது புரதம், என்சைம், நீளமான டெக்ஸ்ட்ரான், இதெல்லாம் நிக்கும். சுவர்ங்கறத விட சல்லடைன்னு நினைச்சுக்கங்க, பெருச நிறுத்தும் சிறுச விடும்.

இத ஒரு குறைன்னு பார்த்தா நீங்க சொல்ற கேள்வி வரும், எதுக்கு கட்டணும்னு. ஆனா இத அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்க. மருந்து வெளிய வரணும்னு யார் சொன்னா? என்சைம் உள்ளயே இருக்கட்டும், அதுக்கு வேண்டிய சின்ன மாலிக்யூல் வெளியிலேர்ந்து உள்ள வரட்டும், ரியாக்‌ஷன் உள்ள நடக்கட்டும், வந்த ப்ராடக்ட் வெளிய போகட்டும், என்சைமை வெட்டுற புரோட்டியேஸும் அத அடையாளம் கண்டுபிடிக்கற ஆன்டிபாடியும் பெருசுங்கறதால உள்ள வர முடியாம வெளியவே நிக்கட்டும். நம்ம உடம்புல செல் பண்றதும் இந்த வேலைதானே. செயற்கை செல்ங்கற பேருக்கு அர்த்தம் இங்கதான் இருக்கு, உயிர் இருக்கான்னு பார்த்து வச்ச பேர் இல்ல, செல்லோட ஒரு வேலைய தனியா எடுத்து செய்யுதான்னு பார்த்து வச்ச பேர்.

இத முதல்ல யோசிச்சவர் லேயர் பை லேயர் ஆள் கிடையாது. மாண்ட்ரியல் மெக்கில்ல தாமஸ் சாங், 1957ல இன்னும் டிகிரி படிச்சிட்டிருக்கும்போதே ஹாஸ்டல் ரூம்ல வச்சு ஹீமோகுளோபினையும் ரத்த அணுவுல இருக்கற என்சைமையும் ஒரு மெல்லிய கொலோடியன் சவ்வுக்குள்ள அடைச்சுப் பார்த்தார். 1964ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. அப்புறம் 1968ல கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைட உடைக்கற என்சைம்) குறைபாட்டோட பிறந்த எலிக்கு கேட்டலேஸ் அடைச்ச மைக்ரோகேப்சூல் போட்டு வேலை செய்யுதுன்னு காட்டினார், பிறகு அஸ்பாரஜினேஸ் வச்சு எலி லிம்ஃபோமாவுலயும் பண்ணினார். எந்தக் கேஸ்லயும் என்சைம் கேப்சூல விட்டு வெளிய வரவேண்டிய அவசியமே இல்ல, செமினார்ல இந்த இடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, கேக்கறவங்களுக்கு மொத்த சப்ஜெக்டும் திறந்துக்கும்.

லேயர் பை லேயர் வந்ததும் அந்தப் பழைய ஐடியாவுக்கு என்ன லாபம்னா சுவர நம்ம இஷ்டத்துக்கு டிசைன் பண்ணலாம். எத்தனை லேயர், எந்த பாலிமர், எந்த பிஹெச்சுல திறக்கணும், மேல என்ன ஒட்டணும், எல்லாம் நம்ம கையில. கரூசோ மெல்போர்ன் போனப்புறம் அந்த குரூப் பண்ணின ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும், பாலிமெத்தாக்ரிலிக் ஆசிடுல தயால் (சல்ஃபர் உள்ள குரூப்) ஒட்டி, ஆசிட் பிஹெச்சுல பாலிவினைல்பைரலிடோன் கூட ஹைட்ரஜன் பாண்டால லேயர் கட்டி, தயால்கள ரெண்டு ரெண்டா டைசல்ஃபைட் பாண்டா இணைச்சு, அப்புறம் நார்மல் பிஹெச்சுக்கு கொண்டுவந்தா பைரலிடோன் கழண்டு போயிடும், டைசல்ஃபைட் கூடு மட்டும் நிக்கும். டைசல்ஃபைட அறுக்கற குளுட்டாதயோன் ரத்தத்துல மைக்ரோமோலார் அளவுதான், செல்லுக்குள்ள மில்லிமோலார் கணக்குல இருக்கு. அதனால ரத்தத்துல கூடு நிக்கும், செல்லுக்குள்ள போனா டைசல்ஃபைட் அறுந்து பிரிஞ்சிடும். வெளியிலேர்ந்து ஸ்விட்ச் எதுவும் வேணாம்.

இப்ப உங்க சின்ன மாலிக்யூல் பிரச்சனைக்கு வரேன். அதுக்குத்தான் கேப்சோசோம். 2009 வாக்குல மெல்போர்ன்லயே பிரிகிட்டே ஸ்டெட்லர், கரூசோ டீம் பண்ணினது. பாலிமர் கூட்டுக்குள்ள லிப்போசோம்கள (கொழுப்பு சவ்வால ஆன குட்டி உருண்டைகள) லேயருக்கு நடுவுல கொத்துக் கொத்தா ஒட்டி வச்சிடறாங்க, ஒட்டிக்கறதுக்காக பாலிமர்ல கொலஸ்ட்ரால் கோர்த்திருக்கும், அந்த கொலஸ்ட்ரால் போய் லிப்பிட் சவ்வுல குத்தி நிக்கும். வெளிக்கூடு பாலிமர் சல்லடை, உள்ள லிப்போசோம் ஒவ்வொண்ணும் சின்ன சின்ன அறை. லிப்பிட் சவ்வு சின்ன மாலிக்யூல் நிறையத்த தடுக்கும், பாலிமர் கூடு லிப்போசோம உடையாம காக்கும். நம்ம செல்லுக்குள்ள உறுப்புகள் தனித்தனி சவ்வுக்குள்ள இருக்கற அமைப்பு இதுலதான் வருது, அதனால செயற்கை செல்ங்கற பேர் இதுக்கு இன்னும் நல்லாவே பொருந்துது.

முதல்ல அவங்க பீட்டா லாக்டமேஸ் உள்ள வச்சு நைட்ரோசெஃபின் குடுத்துப் பார்த்தாங்க, மஞ்சள் சிவப்பா மாறினா என்சைம் வேலை செய்யுதுன்னு கண்ணாலயே தெரியும். அப்புறம் 2011ல ரோனா சந்திராவதியும் மத்தவங்களும் குளுட்டாதயோன் ரிடக்டேஸ லிப்போசோமுக்குள்ள வச்சு, அது வெளியிலேர்ந்து வர்ற ஆக்சிடைஸ்டு குளுட்டாதயோன ரிட்யூஸ் பண்ண, வந்த தயால் போய் அதே கேப்சூல்ல டைசல்ஃபைடால கட்டி வச்சிருந்த சரக்க அவிழ்த்து விட்டுச்சு. கேப்சூல் தனக்குள்ள ஒரு ரியாக்‌ஷன் நடத்தி, அந்த ரியாக்‌ஷனோட விளைவால தானே சரக்க ரிலீஸ் பண்ணுது. இத முதல் தடவை படிச்சப்ப எனக்கு நிஜமாவே புல்லரிச்சுது.

ஒரே ஒரு எச்சரிக்கை, கேப்சோசோமுக்கு சிலிகா உருண்டை டெம்ப்ளேட், அத கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். அது விளையாட்டு கிடையாது, தோல் மேல பட்டா ஆரம்பத்துல வலிகூட தெரியாம உள்ள இறங்கி கால்சியத்தப் பிடிக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் பழகின ஆளும் இல்லாத லேப்ல எம்.ஃபார்ம் ப்ராஜெக்டுக்கு அந்தப் பக்கம் போகவே வேணாம்.

மாத்திரை_மாணிக்கம்:

மேல எழுதினவர் அழகா எழுதிருக்கார், நான் மறுக்கல. ஆனா நான் இருபது வருஷமா ஃபார்முலேஷன் டிபார்ட்மெண்ட்ல இருக்கறவன், பேப்பர்ல ஜொலிக்கறது பேஷண்ட் வரைக்கும் ஏன் வரலன்னு மீனா கேட்டு வச்சுக்கணும்மா.

முதல்ல சைஸ். நீங்க பண்ற கேப்சூல் ரெண்டு மூணு மைக்ரான், அஞ்சு மைக்ரான் இருக்கும். ரத்தத்துல ஊசி போட்டா மேக்ரோஃபேஜுக்கு, அதாவது அந்நியத் துகள முழுங்கற செல்லுக்கு, ரொம்பப் பிடிச்ச சைஸ் அதுதான், ஒண்ணுலேர்ந்து மூணு மைக்ரான். கல்லீரல்ல இருக்கற குப்ஃபர் செல் பிடிச்சு முழுங்கிடும், தப்பிச்சது மண்ணீரல்ல இருக்கற இடுக்குல மாட்டிக்கும், அந்த இடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம்ம சிவப்பணு ஏழு எட்டு மைக்ரான் இருந்தும் அதுல நுழைஞ்சு போகுதுன்னா அது வளையும், மடங்கும், தட்டு மாதிரி வடிவம். உருண்டையா விறைப்பா இருக்கற பாலிமர் கூட்டுக்கு அந்த வசதி இல்ல. இதனாலதான் லிப்போசோம் ஜெயிச்சது, டாக்சில் (லிப்போசோமுக்குள்ள வச்ச டாக்ஸோரூபிசின்) 1995ல அமெரிக்காவுல அப்ரூவல் வாங்கினப்ப அதோட சைஸ் நூறு நானோமீட்டர் பக்கம், மேல பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு. லிப்பிட் நானோபார்ட்டிக்கிள் 2018ல பட்டிசிரான்ங்கற மருந்தா வந்துச்சு, அப்புறம் கோவிட் எம்ஆர்என்ஏ வேக்சின் உலகத்துக்கே தெரியும். இந்த லேயர் கேப்சூல் அதே காலகட்டம் முழுக்க லேப்லயும் எலியிலயும்தான் சுத்திட்டிருந்துச்சு.

ரெண்டாவது, தயாரிப்பு. ஒரு லேயருக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் ஊறணும், அப்புறம் சென்ட்ரிபியூஜ், மூணு வாட்டி கழுவல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரக்கு போகும், கொஞ்சம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எட்டு லேயர்னா பாதி நாள் போயிடும், கையில நிக்கறது மில்லிகிராம் கணக்கு. இத ஸ்டெரைலா, பேட்ச் பேட்ச் ஒரே மாதிரி, கிலோ கணக்குல எடுக்கணும்னா எங்க ப்ரொடக்‌ஷன் ஆளுங்க ஃபைல தொடவே மாட்டாங்க. பாலிஅல்லைலமீன் மாதிரி பாசிட்டிவ் பாலிமர் செல்லுக்கு நஞ்சு வேற, டாக்ஸிகாலஜில அடிபடும்.

இதுல நம்பிக்கை தர்ற ஒண்ணு சொல்றேன். 2013ல அதே கரூசோ குரூப் டானிக் ஆசிடையும் ஃபெரிக் இரும்பையும் தண்ணில கலந்து, சில நொடியில உருண்டை மேல பத்து நானோமீட்டர் அளவுக்கு ஒரு கூடு உட்காரும்னு சயன்ஸ்ல போட்டாங்க. ஒரே ஸ்டெப், லேயர் லேயரா உட்கார வேண்டியதில்ல. கலம்காரில கடுக்காயும் இரும்புத் தண்ணியும் சேர்ந்து கருப்பு பிடிக்குதே, கெமிஸ்ட்ரி அதேதான். ஆசிட் பிஹெச்சுல கூடு பிரிஞ்சிடும், செல் முழுங்கினத வச்சிருக்கற எண்டோசோம்ங்கற பை உள்ள ஆசிட்தான், அதனால அதுக்கும் வழி இருக்கு. கம்பெனி கண்ணோட்டத்துல எனக்கு இந்த ரூட்தான் ஓடும்னு படுது.

கூட்டுக்குள்_என்சைம்:

மாணிக்கம் சார் சொன்ன சைஸ் விஷயம் முழுக்க உண்மை, மறுக்க மாட்டேன். ஆனா ரெண்டு விஷயம் சேர்த்துக்கறேன்.

ஒண்ணு, சிவப்பணுவோட வளையற தன்மை லேயர் கேப்சூலுக்கு வராதுன்னு இல்ல. 2009ல மித்ரகோத்ரியோட டீம் கலிஃபோர்னியா சான்டா பார்பராவுல பிஎல்ஜிஏங்கற பாலிமர் உருண்டைய ஐசோப்ரோபனால்ல போட்டு நடுவுல குழி விழுந்த தட்டு வடிவத்துக்கு கொண்டுவந்து, அது மேல புரதமும் பாலிஅல்லைலமீனும் லேயரா போட்டு க்ராஸ்லிங்க் பண்ணி, உள்ள இருக்கற பிஎல்ஜிஏவ கரைச்சு எடுத்தாங்க. கிடைச்சது சிவப்பணு வடிவத்துல மெத்துன்னு ஒரு கூடு, தன்னை விட குறுகலான குழாய்லயும் வளைஞ்சு போய் வெளிய வந்து பழைய வடிவத்துக்கு திரும்பிச்சு. உள்ள இருக்கற விறைப்பான கோர எடுத்துட்டா கூடு மெத்துன்னு ஆகுதுங்கறதுதான் அதோட சாவி.

இன்னொண்ணு, மேக்ரோஃபேஜ் முழுங்கறது எல்லா இடத்துலயும் நஷ்டம் இல்ல. பெல்ஜியம் கென்ட்ல டி கோக்கர், டி கீஸ்ட் இவங்க டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டும் பாலிஆர்ஜினைனும் வச்சு உடம்புல சிதையற கேப்சூல் பண்ணி எலிக்கு தோலுக்கடியில போட்டாங்க, செல்கள் வந்து முழுங்கி உள்ள உடைச்சுச்சு. வேக்சினுக்கு அதைத்தானே எதிர்பார்க்கறோம், ஆன்டிஜென, எதிர்ப்பு சக்திக்கு அடையாளம் காட்டற டென்ட்ரிடிக் செல் முழுங்கணும். இன்ஜெக்‌ஷன்ல ரத்தத்துல சுத்த விடறது ஒரு வழி மட்டும்தான். தோலுக்கடியில, குடல்ல, உடம்புக்கு வெளிய மெஷின்ல, இதுக்கெல்லாம் மைக்ரான் சைஸ் தடையே இல்ல. சாங்கோட வேலைல மனுஷங்களுக்கு முதல்ல பயன்பட்டதே பூச்சு போட்ட கரித்தூள்தான், 70கள்ல விஷம் குடிச்சவங்களுக்கு ரத்தத்த வெளிய எடுத்து அந்த கரி வழியா ஓடவிட்டு திரும்ப ஏத்தினாங்க. பூச்சு இல்லாத வெறும் கரின்னா துகள் கழண்டு ரத்தத்துல கலக்கும், பிளேட்லெட்டும் குறைஞ்சிடும், மேல மெல்லிசா ஒரு சவ்வு போட்டதும் விஷம் மட்டும் உள்ள போய் ஒட்டிக்கிச்சு.

சத்துணவு_செல்வி:

நான் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரில டயட்டீஷியனா இருக்கேன், உங்க அளவுக்கு கெமிஸ்ட்ரி தெரியாது, ஆனா என்சைம் வெளிய வரவே வேணாம்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்ககிட்ட ஃபினைல்கீட்டோன்யூரியா குழந்தைங்க வர்றாங்க, பிகேயூன்னு சொல்லுவோம். ஃபினைல்அலனின்ங்கற அமினோ ஆசிட உடைக்கற என்சைம் அவங்களுக்கு பிறவிலேயே வேலை செய்யாது, அது ரத்தத்துல ஏறி மூளைய பாதிக்கும். வைத்தியம்னா முக்கியமா சாப்பாடுதான். பால் அளந்து, பருப்பு முட்டை கறி மீன் கிடையாது, சோறு கூட கிராம் கணக்குல, ஜவ்வரிசி மாதிரி புரதம் இல்லாதது கொஞ்சம் தாராளமா, கூடவே ஃபினைல்அலனின் இல்லாத ஸ்பெஷல் பவுடர், அதோட வாசனைக்கே பிள்ளைங்க மூஞ்ச திருப்பிக்கும், விலையும் சொல்லி மாளாது. இது ஆயுசு முழுக்க. நம்ம ஊர்ல பிறந்த எல்லாக் குழந்தைக்கும் டெஸ்ட் பண்றதும் இல்ல, கண்டுபிடிக்கறதுக்குள்ள பல பிள்ளைங்களுக்கு லேட் ஆயிடுது.

ஊசி மருந்து ஒண்ணு 2018ல அமெரிக்காவுல வந்திருக்கு, பெக்வேலியேஸ், அது பெரியவங்களுக்குன்னு வந்தது, தினம் போடணும், அனஃபைலாக்சிஸ் வரலாம்னு பெட்டி மேலயே பெரிய எச்சரிக்கை. நான் கேக்கறது இதுதான், அந்த ஊசில இருக்கற என்சைம நீங்க சொல்ற கூட்டுக்குள்ள வச்சு வாய் வழியா குடுத்தா குடல்லயே ஃபினைல்அலனின புடிச்சு உடைச்சிடாதா? யாராவது பண்ணிருக்காங்களா?

கூட்டுக்குள்_என்சைம்:

செல்வி மேடம், பண்ணிருக்காங்க, இந்த துறையோட மிக நல்ல கேள்விகள்ல ஒண்ணு உங்களது. அந்த என்சைம் ஃபினைல்அலனின் அமோனியா லையேஸ், ஃபினைல்அலனின சின்னமிக் ஆசிடாவும் அமோனியாவாவும் உடைக்கும். 1986லயே சாங்கும் பூர்ஜேவும் அத மைக்ரோகேப்சூல்ல அடைச்சு பிகேயூ மாதிரி நிலைல வச்ச எலிக்கு வாய் வழியா குடுத்தாங்க, ரத்தத்துல ஃபினைல்அலனின் இறங்கிச்சு. காரணம் அவர் சொன்னது, சாப்பாட்டுலேர்ந்து வர்றது மட்டும் இல்ல, நம்ம குடலுக்குள்ள தினமும் சுரக்கற புரதமே நிறைய, அது உடைஞ்சு அமினோ ஆசிடா ஆகி திரும்ப ரத்தத்துக்கு போயிட்டே இருக்கு, அந்த சுத்துல நடுவுல புகுந்து பிடிச்சா ரத்தத்துல இருக்கறதும் இறங்கும்னு.

ஸ்டெட்லர் அப்புறம் டென்மார்க் ஆர்ஹூஸ் போய் குரூப் ஆரம்பிச்சாங்க, அங்க ஹோஸ்டா ரிகாவும் சேர்ந்து இதே என்சைம கேப்சூல்ல வச்சு, குடல் மாதிரி சூழ்நிலைல எப்படி தாக்குப் பிடிக்குதுன்னு வேலை பண்ணிருக்காங்க. தடை என்னன்னா வயித்து ஆசிட், பெப்சின், பித்த உப்பு. பித்த உப்பு லிப்பிட் சவ்வ கரைக்கும், அதனால வெறும் லிப்போசோம் குடல்ல நிக்கறது கஷ்டம், வெளிய பாலிமர் கூடு வேணும்ங்கறதுக்கு இதுவும் காரணம். கேப்சூல் குடல்ல இருக்கற நேரமும் சில மணி நேரம்தான், அந்த நேரத்துக்குள்ள போதுமான அளவு உடைக்கணும்னா என்சைம் சுறுசுறுப்பா நிறைய இருக்கணும், சுவரும் ஃபினைல்அலனின வேகமா உள்ள விடணும். சுவர் தடியாக்கினா பாதுகாப்பு கூடும், வேகம் குறையும். இந்த ஒரு இழுபறியிலதான் பல பேரோட பிஎச்டி போயிட்டிருக்கு.

அமோனியா வருதேன்னு பயம் வேணாம், குடல் பாக்டீரியாவே தினம் அத விட நிறைய அமோனியா விடுது, ஆரோக்கியமான கல்லீரல் பார்த்துக்கும்.

நடராஜ்_78:

இடைல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணுக்கு டைப் 1 சர்க்கரை, பதினொரு வயசு. இன்சுலின் சுரக்கற செல்லையே இப்படி கூட்டுக்குள்ள வச்சு உடம்புல வைக்கலாம்னு எங்கயோ படிச்சேன், அதுவும் இதேதானா? எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்.

மாத்திரை_மாணிக்கம்:

நடராஜ் சார், மன்னிப்பெல்லாம் எதுக்கு. ஆமா, இதே குடும்பம்தான். 1980ல லிம், சன் ரெண்டு பேரும் கணையத்துல இருக்கற இன்சுலின் தீவுச் செல்கள ஆல்ஜினேட் (கடல்பாசிலேர்ந்து எடுக்கற பாலிமர்) உருண்டைக்குள்ள வச்சு மேல பாலிலைசின் லேயர் போட்டு சர்க்கரை வந்த எலிக்கு வயித்துக்குள்ள வச்சாங்க. ஆல்ஜினேட் நெகட்டிவ், பாலிலைசின் பாசிட்டிவ், மீனா சொன்ன அதே சார்ஜ் கணக்குதான், இந்த லேயர் பை லேயர்ங்கற பேர் பிரபலமாகறதுக்கு பத்து வருஷம் முந்தி. குளுக்கோஸ் 180 டால்டன் உள்ள போகும், இன்சுலின் 5800 டால்டன் வெளிய வரும், ஆன்டிபாடி ஒண்ணரை லட்சம் டால்டன் வெளியவே நிக்கும். எலிக்கு ரெண்டு மூணு வாரம் சர்க்கரை நார்மலா இருந்துச்சு, கூடு இல்லாம வச்சப்ப ஒரு வாரம் பக்கம்தான்.

1994ல சூன் ஷியாங் ஒரு பேஷண்டுக்கு வச்சு அவர் ஒன்பதாவது மாசம் இன்சுலின் இல்லாம இருந்தார்னு லான்செட்ல வந்துச்சு, ஆனா அவர் கிட்னி மாத்தினவர், எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்து ஏற்கனவே சாப்பிட்டுட்டிருந்தார், அத கணக்குல வச்சுத்தான் பார்க்கணும். அதுக்கப்புறம் முப்பது வருஷமா தடையா நிக்கறது என்னன்னா, உடம்பு அந்த உருண்டைய அந்நியப் பொருளா பார்த்து சுத்தி நார்த்திசு கட்டிடுது. கட்டினா ஆக்சிஜன் உள்ள போகாது, செல் மூச்சுத் திணறி செத்துடும். எம்ஐடில லாங்கர், ஆண்டர்சன் குரூப் இதுல நல்ல வேலை பண்ணிருக்காங்க. 2015ல உருண்டைய அரை மில்லிமீட்டர்லேர்ந்து ஒண்ணரை மில்லிமீட்டர் ஆக்கினா நார்த்திசு கட்டறது குறையுதுன்னு காட்டினாங்க, எலில 180 நாள் வரைக்கும் சர்க்கரை கட்டுல இருந்துச்சு. யாரும் எதிர்பார்க்காத திசை அது, நாங்கல்லாம் சின்னதாக்கணும்னே யோசிச்சிட்டிருந்தோம். 2016ல ஆல்ஜினேட்டையே கெமிக்கலா மாத்தி ஸ்டெம் செல்லுலேர்ந்து எடுத்த மனுஷ பீட்டா செல்ல உள்ள வச்சு எலில 174 நாள் ஓட்டினாங்க, எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்து இல்லாமலே.

ஆனா சார், எலி வேற நம்ம பிள்ளைங்க வேற. இதெல்லாம் ஆராய்ச்சி நிலை, பொண்ணோட இன்சுலின்ல எதையும் மாத்திடாதீங்க. ஸ்டெம் செல் வைக்கறோம்னு யாராவது ப்ரைவேட்டா பணம் கேட்டா உங்க டாக்டர்ட்ட காட்டாம ஒரு ரூபா குடுக்காதீங்க.

நடராஜ்_78:

ரொம்ப நன்றி சார். இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. இன்சுலின்ல கை வைக்க மாட்டோம், டாக்டர்கிட்ட இந்த உருண்டை சைஸ் விஷயத்த கேட்டுப் பார்க்கறேன்.

மைக்ரான்_மீனா:

எல்லாருக்கும் நன்றி, செமினார் ஸ்லைட மொத்தமா மாத்திட்டேன். மருந்த கொண்டு போய் விடறதுங்கற வரிசைல ஆரம்பிக்காம உள்ளயே வேலை செய்யறதுங்கற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். ப்ராஜெக்டுக்கு கைடுட்ட பேசினேன், ஹைட்ரோஃப்ளூரிக் பக்கம் போகல, கால்சியம் கார்பனேட் டெம்ப்ளேட்ல கேட்டலேஸ் வச்சு புரோட்டியேஸ் கிட்டேர்ந்து கூடு காப்பாத்துதான்னு பார்க்கலாம்னு முடிவு. எங்க லேப்ல யூவி விசிபிள், சாதாரண சென்ட்ரிபியூஜ், ஸீட்டா மெஷின் (துகளோட மேற்பரப்பு சார்ஜ அளக்கறது) இருக்கு, கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப் வேற இடத்துல புக் பண்ணணும். எங்க சிக்கல் வரும்னு முன்னாடியே சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

கூட்டுக்குள்_என்சைம்:

ரொம்ப நல்ல தேர்வு. கேட்டலேஸ் படிகத்து மேல நேரடியா லேயர் போட்டு புரோட்டியேஸ் தொட முடியலன்னு 2000த்துல கரூசோ டீமே காட்டிருக்காங்க, அதனால அடிப்படை உறுதியா இருக்கு. கேட்டலேஸ் ரெண்டரை லட்சம் டால்டன் பக்கம், ஹைட்ரஜன் பெராக்சைட் 34, சல்லடைக்கு இத விட நல்ல ஜோடி கிடைக்காது.

கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் 0.33 மோலார், சம அளவு, கேட்டலேஸ் ஒண்ணுல கரைஞ்சிருக்கட்டும், வேகமா கலக்கி அரை நிமிஷத்துல நிறுத்திடுங்க. துளை துளையா இருக்கற வேட்டரைட்ங்கற கால்சியம் கார்பனேட் உருண்டை வரும், நாலஞ்சு மைக்ரான். அத தண்ணில ராத்திரி முழுக்க விட்டுட்டு வீட்டுக்குப் போனீங்கன்னா காலைல கட்டம் கட்டமா கால்சைட் படிகமா மாறியிருக்கும், உள்ள இருந்த என்சைமும் வெளிய தள்ளப்பட்டிருக்கும், அதனால அன்னிக்கே கழுவி அன்னிக்கே லேயர் ஆரம்பிங்க. பாலிமர் ஒரு மில்லிக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம், 0.5 மோலார் உப்புல. உப்பு இல்லேன்னா பாலிமர் சங்கிலி விறைச்சு நீண்டு மெல்லிசா படியும், லேயர் சரியா உட்காராது. ஒவ்வொரு லேயருக்கும் ஸீட்டா எடுங்க, பாசிட்டிவ் நெகட்டிவ்னு மாறி மாறி வரணும், வரலன்னா கழுவல் பத்தலன்னு அர்த்தம், மேல போகாதீங்க. சென்ட்ரிபியூஜ் மெதுவா, பெல்லட் இறுகிட்டா கேப்சூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி திரும்ப பிரியாது.

கோர் கரைக்க ஈடிடிஏ (கால்சியத்தப் பிடிச்சு இழுக்கறது) 0.2 மோலார், நியூட்ரல் பிஹெச், அப்புறம் அத சுத்தமா கழுவி எடுத்துடுங்க, மிச்சம் இருந்தா கால்சியத்த நம்பி இருக்கற புரோட்டியேஸ் பலவீனமாகி உங்க கூடு காப்பாத்தின மாதிரி பொய்யா தெரியும்.

அளக்கறதுல ஒரு முக்கியமான விஷயம். 240 நானோமீட்டர் யூவி வெளிச்சத்துல பெராக்சைட் குறையறத பார்க்கறது புத்தக முறை, ஆனா கேப்சூல் வெளிச்சத்த சிதறடிக்கும், ரீடிங் குதிக்கும். ஒவ்வொரு நேரத்துக்கும் கொஞ்சம் எடுத்து கேப்சூல இறக்கிட்டு மேல் தண்ணில மட்டும் பாருங்க, இல்லேன்னா அமோனியம் மாலிப்டேட் போட்டு நிறுத்தி மஞ்சள் நிறத்த 405ல எடுங்க. பெராக்சைட் கான்சன்ட்ரேஷன் கம்மியா வைங்க, கூட்டுக்குள்ள ஆக்சிஜன் குமிழி வந்தா கூடு கிழியும்.

கன்ட்ரோல்ல எல்லாரும் ஃப்ரீ கேட்டலேஸ் வைப்பாங்க, வெறும் கூடு வைப்பாங்க. நீங்க இன்னொண்ணும் வைக்கணும், கேப்சூல புரோட்டியேஸ் இல்லாம அதே நேரம் பஃபர்ல வச்சு, மேல் தண்ணில என்சைம் ஆக்டிவிட்டி இருக்கான்னு பாருங்க. இருந்தா என்சைம் கசியுது, நீங்க அளக்கறது கூட்டுக்குள்ள நடக்கற ரியாக்‌ஷன் இல்ல. புரோட்டியேஸ் போடறதுக்கு முந்தி ஃப்ரீ கேட்டலேஸ் அதுல எவ்வளவு நேரத்துல சாகுதுன்னு தனியா ஓட்டிப் பார்த்து நேரத்த முடிவு பண்ணுங்க, கேட்டலேஸ் லேசுல மசியற என்சைம் கிடையாது.

கான்ஃபோக்கல் புக் பண்ணினா ஃப்ளூரசன்ட் டெக்ஸ்ட்ரான் ரெண்டு மூணு சைஸ்ல எடுத்துட்டுப் போங்க, எந்த சைஸ் வரைக்கும் உள்ள போகுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். ஈரமா இருக்கும்போதே பாருங்க. எஸ்இஎம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு காய வச்சா கூடு மடிஞ்சு சுருங்கித்தான் தெரியும், அது கூடு காலியா இருக்குங்கறதுக்கு அடையாளம், உடைஞ்சு போச்சுன்னு நினைச்சு பேட்ச கொட்டிடாதீங்க.